விநாயகத்தின் குரலில் ஒரு லைன் கிளியர்

மேல்சித்தாமூர்,
திங்கட்கிழமை

பூவராகவனுக்கு ஜினசேனன் எழுதுவது.

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். மூன்று வருடமாக ஒரு பொங்கல் வாழ்த்துகூட அனுப்பாதவன் அப்படித் தொடங்கினால் உனக்கே சிரிப்பு வரும். கோவில்பட்டியில் நீ, உன் மனைவி, பெண் ரம்யா எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நீலாஞ்சனா நலம். பையன் ஜீவகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். நான் நலமா இல்லையா என்பதை இதைப் படித்துவிட்டு நீதான் சொல்ல வேண்டும்.

உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ வேறு யாரிடமாவது காட்ட வேண்டி வரலாம். நம் வேலையே தெரியாதவருக்கும் அது புரிய வேண்டும்.

நீ மாற்றலாகிப் போன பிறகு உன் இடத்துக்கு யாரும் வரவில்லை. நான்கு ஆபரேட்டர் இருக்க வேண்டிய நம் துணைமின் நிலையத்தில் இப்போது நானும் ஜெகதீஷும்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் எனக்கு வீடு கிடையாது. காலை ஆறு மணிக்கு பேனல் முன்னால் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்கு எழுந்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவன், ஐம்பத்திரண்டு வயதில், மணிக்கொரு தரம் வோல்டேஜும் ஆம்பியரும் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைவிட ஒரு பரீட்சை கூடுதலாக எழுதியவர்களெல்லாம் மேலே போய் உட்கார்ந்துகொண்டு எனக்கு மெமோ அனுப்புகிறார்கள். அந்தப் பரீட்சையை நான் ஏன் எழுதவில்லை என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பொழுது சாய்ந்தால் சமணர்களான நாங்கள் சாப்பிடுவதில்லை என்பதும் உனக்குத் தெரியும். என் மனைவி நீலாஞ்சனா கட்டிக்கொடுக்கும் இரண்டாவது டப்பாவை நான் ஆறு மணிக்குள் திறந்தாக வேண்டும். ஐந்து மணிக்குத்தான் பராமரிப்பு வேலை முடிந்து ஊர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் எல்லா ஃபீடரும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வரும். நடுவே எங்கள் ஊரில் எப்போது கரண்ட் வரும் என்று அவலூர்பேட்டையிலிருந்து அரிசி ஆலைக்காரர்கள் கத்துவார்கள். எல்லாம் ஓய்ந்து ஜன்னலைப் பார்த்தால் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியிருக்கும். டப்பா வந்த மாதிரியே வீட்டுக்குத் திரும்பும். மறுநாள் காலையில் நீலாஞ்சனா அதை மாட்டுத் தொட்டியில் கொட்டும் சத்தம் மட்டும் கேட்கும்.

இரண்டு மாதம் முன்பு விழுப்புரத்தில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். பணியிடத்தில் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று தலைப்பு. அதற்குப் போவதற்காக முந்தின நாள் இருபத்துநான்கு மணி நேரம் வேலை பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார் வந்தவர். மூடினேன். மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுப்பினார்கள். பயிற்சியை வெற்றிகரமாக முடித்ததாக எனக்கும் சான்றிதழ் உண்டு.

டிரான்ஸ்பார்மர் போடும் 'ம்ம்' சத்தம் இப்போது வீட்டிலும் கேட்கிறது. கிணற்றடியில் குளிக்கும்போது கேட்கிறது. எங்கள் கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது கேட்கிறது. அது ஏன் அப்படிக் கேட்கும் என்று இரண்டு பக்கத்துக்கு என்னால் விளக்கம் எழுத முடியும். படித்ததால் அந்த ஒரு உபயோகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன் எனக்கு போன் செய்து லைன் கிளியர் கேட்பார். நான் அந்த ஃபீடரின் பிரேக்கரைத் திறந்து, கரண்டை நிறுத்தி, பிடியில் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையை மாட்டி, ஒரு எண் கொடுப்பேன். வேலை முடிந்து எல்லோரும் இறங்கியதும் அவரே மறுபடி கூப்பிட்டு அந்த எண்ணைச் சொல்லி லைனைத் திருப்பித் தருவார். நான் எண்ணைத் திருப்பிச் சொல்லி, நேரத்தோடு ரிஜிஸ்டரில் எழுதி, பலகையைக் கழற்றி, பிரேக்கரைப் போடுவேன். கம்பத்தில் நிற்கிறவன் உயிருக்கும் என் கைக்கும் நடுவில் இருப்பது ஒரு குரலும் ஒரு எண்ணும்தான்.

ஐந்து வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை. அவலூர்பேட்டை ஃபீடரில் நம் லைன்மேன் விநாயகம் ஆட்களோடு வேலை செய்துகொண்டிருந்தான். வெயில் என்றால் அப்படியொரு வெயில். மலைப் பாறைகளெல்லாம் ஆள் குந்தியிருப்பது போலத் தெரிந்தன. டிரான்ஸ்பார்மர் யார்டில் ஒரு காக்கைகூட இல்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு கண்ட்ரோல் ரூம் செல்போன் அடித்தது. விநாயகம் பேசினான். எண்ணைச் சரியாகச் சொன்னான். ஆட்கள் இறங்கிவிட்டார்கள், பொருளெல்லாம் எடுத்தாகிவிட்டது, லைனைக் கொடுக்கலாம் என்றான். நான் எண்ணைத் திருப்பிச் சொன்னேன். ரிஜிஸ்டரில் எழுதினேன். பலகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். பிரேக்கரின் பிடியில் கை வைத்தேன்.

அங்கேதான் கை நின்றது. லைனைத் திருப்பிக் கொடுத்தால் விநாயகம் சும்மா வைக்க மாட்டான். "லைனப் போட்டுட்டு மொதல்ல டப்பாவத் தொற சார். சூரியன் உனக்காவ நிக்க மாட்டான்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் போனை வைத்தே நான் பார்த்ததில்லை. நண்பகல் ஆனாலும் சொல்வான். எரிச்சலாக இருக்கும். அன்றைக்குச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விதிப்படி சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இருபது வருடத்தில் விநாயகம் விதிப்படி பேசியதாக எனக்கு நினைவில்லை.

நான் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தான். "இன்னா சார், இப்போ போயி கூப்புட்ற? மேல மூணு பேரு தொங்கினுகிறோம்" என்றான். லைன் கொடுத்தாயே என்றேன். "நான் எங்க சார் குட்த்தேன்? ரெண்டு கையிலயும் கம்பியப் புட்ச்சினுகிறேன். போன் ஜோபியில கீது." பிறகு, "சார், போட்டுடாத சார்" என்றான். அவன் குரல் அப்படி நான் கேட்டதில்லை.

செல்போனில் வந்த அழைப்புகளைப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அதில் மட்டும் இருந்தது, என் கையெழுத்தில், 12.40 என்று. அதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு டப்பாவைத் திறக்க நேரம் இருந்தது. திறக்கத் தோன்றவில்லை.

தூக்கம் போதாததால் வந்த மயக்கம் என்று முடிவு செய்தேன். நீயாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாய். அன்றிலிருந்து, யார் லைனைத் திருப்பிக் கொடுத்தாலும் போனை வைத்துவிட்டு நானே ஒரு தரம் கூப்பிட்டுக் கேட்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தது. அதே ஃபீடர், அதே குரல். எண் சரி. ஆட்கள் இறங்கியாயிற்று என்றது. வைப்பதற்கு முன், "டப்பாவத் தொற சார். சூரியன் உனக்காவ நிக்க மாட்டான்" என்று சொல்லிச் சிரித்தது.

பூவராகவா, போன தடவை எதை வைத்துக் கண்டுபிடித்தேனோ அதை இந்தத் தடவை சேர்த்துக்கொண்டு வந்திருந்தது. நான் இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. விநாயகத்திடம்கூட.

திருப்பிக் கூப்பிட்டேன். விநாயகம் எடுத்து இன்னும் அரை மணி ஆகும் என்றான். அந்த உயிர் அப்படித் தப்பியது. ஆனால் அன்று மாலை முழுவதும் எனக்கு ஒரே யோசனை. அடுத்த தடவை நான் திருப்பிக் கூப்பிடும்போது எடுப்பது விநாயகம்தான் என்று எப்படித் தெரியும்?

நம் உதவிப் பொறியாளர் பிரவீணா மேடத்திடம் சொன்னேன். நல்ல பெண்தான். இருபத்தெட்டு வயதில் கண்ணுக்குக் கீழே கருவளையம். மூன்று செக்‌ஷனைச் சேர்த்துப் பார்க்கிறாள். "உங்களுக்கு ரெஸ்ட் வேணும்னு எனக்குத் தெரியுது சார். ஆளு எங்க சார் இருக்குது?" என்றாள். ஆள் கேட்டு எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து, "குரல் கேட்டுச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க சார். ஆளு தர மாட்டாங்க. உங்களத்தான் மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் ஜெகதீஷ் ஒருத்தர்தான் உக்காரணும்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஒருத்தனுக்குக் கேட்டால் அது பைத்தியம். அதனால்தான் பழைய ரிஜிஸ்டர்களை எடுத்துப் புரட்டினேன். எதையோ தேடினேன் என்று சொல்ல முடியாது. கை போனது.

நீ மாற்றலாகிப் போவதற்கு முந்தின மூன்று மாதத்தில் உன் கையெழுத்தில் மூன்று பதிவுகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றும் லைனைத் திருப்பிக் கொடுத்ததாக எழுதியவை. ஒரே கோடு. பக்கத்தில் 'தவறு'. அதற்கு முன் பதினேழு வருட ரிஜிஸ்டரில் நீ ஒரு எழுத்துகூட அடித்ததில்லை. உன் சுத்தமான ரிஜிஸ்டரைக் காட்டித்தானே அதிகாரிகள் என்னைத் திட்டுவார்கள்.

அப்போதுதான் எனக்கு உன் ஸ்கூட்டர் விஷயம் புரிந்தது. அந்த மாதங்களில் யாராவது லைனைத் திருப்பிக் கொடுத்தால், நீ கண்ட்ரோல் ரூமை உதவியாளனிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலை நடந்த இடத்துக்கே போவாய். ஆட்களைக் கண்ணால் எண்ணிவிட்டுத் திரும்பி வந்துதான் பிரேக்கரைப் போடுவாய். ஊரெல்லாம் திட்டியது. நான் கடைத்தெருவில் டீக்கடையில் உட்கார்ந்து உன்னை நடித்துக் காட்டியிருக்கிறேன்.

பணி நேரத்தில் இடத்தை விட்டுப் போகிறார் என்று உன்மேல் ஒரு புகார் போனதே, பெயர் இல்லாமல். உனக்கு மெமோ வந்ததே. அதை எழுதியது நான்தான். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, இப்போது எழுதிவிட்டேன்.

ஏன் எழுதினேன் என்பதும் உனக்குத் தெரியும். பதினோரு வருடம் முன்பு, பதவி உயர்வுப் பரீட்சை அன்று, காலை ஆறு மணிக்கு என்னை விடுவிக்க வேண்டிய நீ ஏழரைக்கு வந்தாய். நான் விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடிவிட்டார்கள். ரம்யாவுக்குக் காய்ச்சல் என்றாய். நான் அதை நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பதினோரு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ மந்திரி சிபாரிசில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினாய் என்று எல்லோரிடமும் சொன்னேன். நீ எதைக் கண்டு ஓடினாய் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த நாற்காலியில் என்னைத்தானே உட்காரவைத்துவிட்டுப் போனாய். சொல்லும்படி நான் நடந்துகொள்ளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வரும் வியாழக்கிழமை பராமரிப்பு வேலை. மூன்று ஃபீடரில் ஒன்பது பேர் ஏறுகிறார்கள். ஜெகதீஷ் அக்கா கல்யாணத்துக்குப் போகிறான். நான் ஒருவன். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒரு பக்கம். அந்த மூன்று பதிவுகளை ஏன் அடித்தாய், என்ன கேட்டாய் என்று உன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. இரண்டு பேருக்கு நடந்தது என்றால் அது அந்த இடத்தின் கோளாறு, அந்த வேலை நேரத்தின் கோளாறு. அப்போது மேலே இருப்பவர்கள் ஆள் போட்டே ஆக வேண்டும். போனில் சொல்லாதே. இப்போதெல்லாம் நான் போனில் எதையும் ஏற்பதில்லை.

பழையதற்காக நீ மறுத்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் மறுத்திருப்பேன். ஆனால் ஏறுகிறவர்கள் நானும் நீயும் இல்லை. விநாயகத்தின் பெண் கலைவாணிக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அவள் முகத்தை நினைத்தாவது எழுது.

இப்படிக்கு,
ஜினசேனன்



மேல்சித்தாமூர்,
வெள்ளிக்கிழமை

பூவராகவனுக்கு,

முந்தின கடிதம் உனக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை. விரைவுத் தபாலில்தான் போட்டேன். உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. அல்லது வந்துவிட்டது. எது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காலையிலேயே பிரவீணா மேடத்திடம் சொல்லிவிட்டேன். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நான் லைன் கொடுக்கப் போவதில்லை, ஒன்பது பேரும் யார்டில் வந்து என் முன்னால் நிற்க வேண்டும், அப்புறம்தான் பிரேக்கர் என்றேன். கரண்ட் இரண்டு மணி நேரம் தாமதமாகும், மேலே என்ன சொல்வது என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். என் பெயரைச் சொல் என்றேன்.

பகலில் மூன்று தரம் வந்தது. மூன்று ஃபீடருக்கும் மூன்று குரல். எல்லாம் நமக்குத் தெரிந்தவர்களின் குரல்தான். எண்கள் சரி. நான் எண்ணைத் திருப்பிச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் நேரம் போட்டு 'ஏற்கவில்லை' என்று எழுதினேன். மூன்றாவது தரம் அது உடனே வைக்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போல இருந்தது. மூச்சு விடும் சத்தம் இல்லை. அந்த 'ம்ம்' மட்டும்.

ஐந்தே முக்காலுக்கு லோடு வண்டியில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். பசியும் வெயிலும் அவர்கள் முகத்தில் இருந்தன. "ரேசன் கடை மாரி நிக்க வெச்சிட்டியே சார்" என்றான் விநாயகம். எண்ணினேன். பத்து வந்தது. மறுபடி எண்ணினேன். ஒன்பது. பக்கத்தில் பிரவீணா மேடமும் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலும் முதலில் பத்து என்றுதான் வந்தது. "டைவரையும் சேத்திருப்பீங்கோ" என்று விநாயகம் சிரித்தான். டிரைவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, பெயரைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொருவராக உட்காரவைத்தேன். ஒன்பது பேர் உட்கார்ந்த பிறகு நிற்பவர் யாரும் இல்லை. உள்ளே போய் மூன்று பிரேக்கரையும் போட்டேன்.

ஒன்பது பேரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு இன்று மெமோ வந்திருக்கிறது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். நான் உனக்கு எழுதியிருப்பது பிரவீணா மேடத்துக்குத் தெரியும். மெமோவைக் கொடுக்கும்போது, உங்க பிரெண்டு எழுதிக் குடுத்தா நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்றேன் சார் என்று மெல்லச் சொன்னாள்.

இப்போது நீ பேசியதற்கு வருகிறேன்.

ஜெகதீஷ் திரும்பி வந்துவிட்டதால், மெமோவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இன்று காலை பத்தரை மணிக்குக் கட்டிலில் படுத்திருந்தேன். நீலாஞ்சனா செஞ்சிக்குப் போயிருந்தாள். என் போன் அடித்தது. நீதான். "ஜினா" என்றாய். உன்னைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. கடிதம் கிடைத்தது, எழுதித் தருகிறேன் என்றாய். புகார் எழுதியது நான் என்று அப்போதே தெரியும், அதெல்லாம் மறந்தாயிற்று என்றாய். பிறகு, "அந்தப் பரீட்ச அன்னிக்கு ரம்யாவுக்கு ஜொரமே இல்லடா. நான் தூங்கிட்டேன். டபுள் டூட்டி பாத்த அசதி. ஒங்கிட்ட சொல்ல வாய் வரல" என்றாய். நான் அழுதுவிட்டேன் பூவராகவா. இத்தனை வருடமும் நான் கேட்க நினைத்தது அந்த ஒரு வார்த்தைதான். உன்மேல் வைத்திருந்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் இறங்கிப் போனது. நீயும் என்னைப் போல அசந்து தூங்கியவன்தானே என்று தோன்றியது.

கடைசியில் நீ சொன்னாய்: "இன்னும் எதுக்கு பயப்பட்ற? அடுத்த ஷட்டவுனுக்கு எல்லாரையும் இட்டாந்து நிக்க வெக்காத. தைரியமா லைனக் குடு."

நான் சரி என்றேன். அந்தக் குரலுக்கு நான் சரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அது நீயாக இல்லாவிட்டால்.

போனைப் பார்த்தேன். காலையிலிருந்து வந்த அழைப்பு எதுவும் அதில் இல்லை.

வேலை எப்போது முடியும் என்று ஏங்கினபோது வேலை முடிந்தது என்றுதான் அது என்னிடம் சொன்னது. இப்போது உன்னிடமிருந்து நான் என்ன கேட்க ஏங்கினேன் என்று அதற்குத் தெரியுமென்றால், அதைத் தெரியப்படுத்தியது என் கடிதமா, வேறு எதுவா என்று யோசித்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அது நீயாகவே இருக்கட்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது. ஆசையை நம்பி பிரேக்கர் போட முடியாது.

அடுத்த பராமரிப்பு அடுத்த வியாழன். அதற்குள் நாலு வரி எழுது. மன்னித்துவிட்டேன் என்று எழுதாதே. அதைக் கேட்டுவிட்டேன். என்னைத் திட்டி எழுது. எனக்கே தெரியாத ஏதாவது ஒரு குறையைச் சொல்லி, எனக்குக் கோபம் வரும்படி, இவனுக்கெல்லாம் எழுத வேண்டியிருக்கிறதே என்று எழுது. அதைப் படித்தால் எழுதியது நீதான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நீயும் உன் வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குங்கள். ரம்யா நன்றாக இருக்கட்டும்.

அன்புள்ள,
ஜினசேனன்